புண்ணுக்குப் பிராணவாயு: உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

விரலில் தோன்றிய கொப்புளத்தின் மேல்தோலை உரித்துவிட்டால், உள்ளே தெரியும் சிவந்த இடம் காற்றுப்பட்டதுமே காந்தத் தொடங்கும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்தக் காந்தலுக்குக் காற்றின் எந்தப் பகுதி காரணம் என்று சோதித்துப் பார்த்தவர் யான் இங்கன்ஹவுஸ். இலைகள் வெயில் படும்போது மட்டுமே ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்று 1779-இல் எடுத்துக்காட்டிய அதே மருத்துவர்தாம் இவர். தோல் உரிந்த விரலை ஆக்சிஜனுக்குள் வைத்தால் வேதனை அதிகரிக்கிறது; கரியமில வாயுவுக்குள் வைத்தால் சிறிது நேரத்தில் வேதனை தணிந்துவிடுகிறது. இங்கன்ஹவுஸ் சொன்ன இச்செய்தியை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பெடோஸ் 1790-களில் எழுதிவைத்தார்.

புண்ணின்மேல் தூய ஆக்சிஜனைப் படவிட்ட மிகப் பழைய சோதனைகளுள் இது ஒன்று. இதிலிருந்து அக்காலத்து மருத்துவர்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? ஆக்சிஜன் புண்ணை உறுத்துகிறது. ஆகவே புண்ணை அதனிடமிருந்து காக்க வேண்டும் என்பதே! 1794-இல் பாத் நகரத்து மருத்துவர் ஜான் எவார்ட், மார்பகப் புற்றுநோய் முற்றிப் புண்ணாகியிருந்த இரு நோயாளிகளுக்குப் புண்ணின்மேல் கரியமில வாயுவைப் படச்செய்து, ஒருவர் குணமடைந்தார், மற்றவர் பெரிதும் தேறினார் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். வலி குறைந்தது உண்மையாக இருக்கலாம். புற்றுநோய் தீர்ந்தது என்பதை நம்மால் ஏற்க இயலாது.

இன்றோ நிலைமை தலைகீழ். ஆறாத புண்ணின்மேல் ஆக்சிஜனைச் செலுத்துவதற்கென்றே கருவிகள் வந்துவிட்டன. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஒரு சிறு கல் குத்திய காயம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, இறுதியில் விரலையோ காலையோ எடுக்க நேர்வதை நீங்கள் அக்கம்பக்கத்திலேயே கண்டிருக்கக்கூடும். அப்படிப்பட்ட வீட்டாரிடம் போய், "வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்தால் புண் ஆறும்" என்று ஒருவர் சொன்னால், அவர்கள் நம்புவதா, கூடாதா? விடை தேட மருத்துவத்தோடு கொஞ்சம் பௌதிகமும் வேண்டியிருக்கிறது.

வாயு வைத்தியம்

ஆக்சிஜனை ஸ்வீடன் நாட்டு ஷீலேயும் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லியும் தனித்தனியே கண்டறிந்தனர். பிரீஸ்ட்லி அதைப் பிரித்தெடுத்தது 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள். பின்னர் அதைத் தாமே சுவாசித்துப் பார்த்து, நெஞ்சு இலேசானதாக உணர்ந்தார். நோயாளிகளுக்கு இது உதவலாம் என்று அவருக்குத் தோன்றியது. கூடவே, மெழுகுவர்த்தி இவ்வாயுவில் விரைந்து எரிந்து தீர்வதுபோல மனிதனும் விரைந்து வாழ்ந்து தீர்ந்துவிடுவானோ என்ற ஐயமும் எழுந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட், அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று 1878-இல் வெளியான தம் பெருநூலில் காட்டியதை நினைத்தால், அந்த ஐயம் அவ்வளவு வேடிக்கையானதன்று.

வாயுக்களால் நோய் தீர்க்கும் ஆசை அக்காலத்தில் பலரைப் பிடித்திருந்தது. நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், 1794-இல் தம் மகளைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் பெடோஸுக்காக வாயுக்களைத் தயாரிக்கும் கருவிகளை அமைத்துக் கொடுத்தார். 1799-இல் பிரிஸ்டல் நகரில் பெடோஸ் ஒரு வாயு சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஹம்ப்ரி டேவி சிரிப்பூட்டும் வாயுவை ஆராய்ந்து பேர்பெற்றார். நோய்கள்தாம் தீரவில்லை. சில ஆண்டுகளில் அந்த முயற்சி ஓய்ந்தது.

அதன்பின் மருத்துவர்களின் கவனமெல்லாம் மூச்சின்மேல் திரும்பியது. ஆக்சிஜன் நுரையீரல் வழியே இரத்தத்தில் சேர்ந்து உடலெங்கும் போகிறது. புண்ணுக்கும் அதே வழிதான் என்று கொள்ளப்பட்டது. இதற்கு மாறான ஒரு தகவல் 1851-இலேயே கிடைத்திருந்தது. ஜெர்லாக் என்ற ஜெர்மானியர், தோலும் வெளிக்காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்று அறிவித்தார். தவளை தோலால் சுவாசிக்கும் என்று பள்ளியில் படித்த நாம், மனிதத் தோலைப் பற்றி அவ்வாறு எண்ணிப் பார்ப்பதில்லை. உடலின் மொத்தத் தேவையோடு ஒப்பிட்டால் தோல் எடுக்கும் அளவு மிகச் சொற்பம் என்பதால் அறிவியலும் அதை ஒதுக்கிவிட்டது. உடலுக்குச் சொற்பமாயினும் தோலுக்கு அது சொற்பமா என்ற கேள்வி 150 ஆண்டுகள் காத்திருந்தது.

புண்ணின் பசி

புண் ஆறுவது என்பது ஒரு கட்டட வேலை. இடிபாடுகளை அகற்ற வேண்டும், கிருமிகளைக் கொல்ல வேண்டும், புதிய திசுவை எழுப்ப வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் தேவை. வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கியபின், ஆக்சிஜனிலிருந்தே வீரியமிக்க நச்சுப் பொருள்களைத் தயாரித்து அவற்றைக் கொல்கின்றன. புதுத் திசுவுக்கு வலுவூட்டும் நார் கொல்லாஜன் எனப்படும் புரதம். அதன் இழைகள் முறுக்கேறி உறுதிபெற வேண்டுமானால், அப்புரதத்தின் சில இடங்களில் ஆக்சிஜன் அணு ஒன்று சேர்க்கப்பட வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு இரும்பும் வைட்டமின் சி-யும் துணை. வைட்டமின் சி கிடைக்காத பழங்காலக் கடற்பயணிகளுக்கு, என்றோ ஆறிப்போன வெட்டுக்காயங்கள்கூட மீண்டும் வாய் பிளந்தன. கொல்லாஜன் ஒருமுறை கட்டி முடிக்கும் சுவரன்று, ஓயாமல் பழுதுபார்க்கப்படும் கூரை என்பதை அந்தப் பரிதாபம் காட்டுகிறது.

சரி, புண்ணுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது? இதை ஊகித்துக்கொண்டிருந்த நிலைமை 1956-இல் மாறியது. லேலண்டு கிளார்க் என்ற அமெரிக்கர், திரவத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் மின்முனையை அமைத்தார். இத்தகைய மின்முனைகளை மயிரிழைபோல் நுண்ணியதாக்கிக் காயங்களுக்குள் செலுத்தி அளந்தவர்களுள் முக்கியமானவர் அயான் சில்வர். அவர் பணியாற்றியதும் பெடோஸ் வாழ்ந்த அதே பிரிஸ்டல் நகரில்தான்!

அளவுகளைப் பாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் பாதரச அளவில் சுமார் 160 மி.மீ. தமனி இரத்தத்தில் சுமார் 100. நல்ல நிலையிலுள்ள திசுவில் 30 முதல் 50 வரை. நெடுநாள் ஆறாத புண்ணில் 20-க்கும் கீழே, சில வேளைகளில் 5 அளவுக்குக்கூட இறங்கிவிடுகிறது. காயத்தில் தந்துகிகள் அறுந்துபோயிருக்கின்றன. சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் காலின் தமனிகளும் குறுகியிருக்கும். வேலை மிகுந்த இடத்தில் சரக்கு வரத்து குறைவு. சான்பிரான்சிஸ்கோவின் தாமஸ் ஹண்ட் என்ற அறுவை மருத்துவர், சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைக் கூட்டினால் காயத்தில் கொல்லாஜன் உற்பத்தியும் கூடுகிறது என்று 1972-இல் விலங்குகளில் காட்டினார்.

இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. ஹண்ட், சில்வர், டேவிட் நைட்டன் ஆகிய மூவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், காயத்தின் நடுவில் ஆக்சிஜன் குறைவாகவும் ஓரத்தில் மிகுதியாகவும் இருக்கும் அந்த ஏற்றத்தாழ்வுதான் புதிய தந்துகிகளை உள்நோக்கி வளரச் செய்கிறது என்றும், ஏற்றத்தாழ்வை அழித்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடுகிறது என்றும் கண்டனர். செல்கள் ஆக்சிஜன் பஞ்சத்தை எவ்வாறு உணர்ந்து செயல்படுகின்றன என்ற நுட்பத்தை விளக்கியதற்காக மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, பஞ்சம் ஆட்களை வரவழைக்கிறது. வந்த ஆட்கள் வேலை செய்யவோ ஆக்சிஜன் வேண்டும். "ஆக்சிஜன் நல்லது, ஆகவே நிறையக் கொடு" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு தூரம் போகும்?

இனி நம் பௌதிகத்துக்கு வருவோம். டம்ளரின் அடியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்காமல் விட்டுவிட்டால் மேலே இனிப்பு ஏற எவ்வளவு நேரமாகும்! விரவல் என்ற இந்நிகழ்ச்சிக்கான விதியை 1855-இல் அடால்ப் ஃபிக் வகுத்தார். அதன்படி, தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். நீர்மிகுந்த திசுவில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் விரவ ஏறக்குறைய 2 அல்லது 3 விநாடி, 1 மி.மீ. விரவ 4 நிமிடம், 1 செ.மீ. விரவ 7 மணி நேரம்! நம் உடலில் தந்துகிகள் ஏன் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன என்பது இப்போது விளங்கும். டென்மார்க்கின் ஆகஸ்டு க்ரோ இந்தக் கணக்கைத் தசைகளுக்குப் போட்டுப் பார்த்தார்; தந்துகிகள் பற்றிய ஆராய்ச்சிக்கு 1920-இல் நோபல் பரிசு பெற்றார்.

நேரம் ஒன்றுதான் தடை என்றால் காத்திருக்கலாம். இன்னொரு தடையும் இருக்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. வாய்க்காலில் தலைமடைக்காரர்கள் எடுத்ததுபோக மீதிதானே கடைமடைக்கு? ஓரிடத்துக்கு மேல் ஒன்றுமே எஞ்சாது. அந்த எல்லை ஆழம், மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயிருள்ள திசுவின் மெல்லிய சீவல்களை ஆராய்ந்த ஓட்டோ வார்பர்க் 1923-இலேயே இத்தகைய கணக்கைப் பயன்படுத்தினார். இந்த வர்க்கமூலத்தை மறவாதீர்கள். பின்னால் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க இது உதவும்.

இரும்பு அறைகள்

வெளியிலிருந்து கொடுப்பதற்கு முன் உள்ளிருந்தே கூடுதலாகக் கொடுக்கும் முயற்சி வலுப்பெற்றது. அழுத்தமேற்றிய அறைக்குள் நோயாளியை வைப்பது அதன் வழி. இதில் அமெரிக்கரான ஆர்வல் கன்னிங்ஹாம் கட்டிய கோளம் அக்காலத்து அதிசயம். 1928-இல் கிளீவ்லாந்து நகரில் 64 அடி விட்டமுள்ள எஃகுக் கோளத்தை எழுப்பி, உள்ளே பல மாடிகளில் ஓட்டலைப்போல் அறைகள் அமைத்து, அழுத்திய காற்றில் நோயாளிகளைத் தங்கவைத்தார். பலன் பற்றிய சான்றுகளை மருத்துவ சங்கம் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. கோளம் 1942-இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

அந்த அவமதிப்பிலிருந்து இத்துறையை மீட்டவர் ஆம்ஸ்டர்டாம் நகர அறுவை மருத்துவர் ஈட்டே பூரேமா. ஹென்றியின் விதி நமக்குத் தெரியும்: வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்பவே அது திரவத்தில் கரையும். சாதாரணமாக 100 மி.லி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 20 மி.லி.; வெறுமனே கரைந்திருப்பது 0.3 மி.லி. மட்டுமே. ஆனால் 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் கரைந்திருப்பதே 6 மி.லி. அளவுக்கு உயர்கிறது. ஓய்வாக இருக்கும் உடல் எடுத்துக்கொள்வதோ 100 மி.லி.க்கு 5 மி.லி. தான். அப்படியானால் சிவப்பணுக்களே இல்லாமல் வாழ முடியுமா? பன்றிக்குட்டிகளின் இரத்தத்தை எடுத்துவிட்டு நிறமற்ற திரவத்தை நிரப்பி, அழுத்த அறையில் அவை உயிரோடிருப்பதை பூரேமா 1960-இல் அறிவித்தார். மறு ஆண்டே அவருடன் பணியாற்றிய பிரம்மல்காம்ப், வாயு அழுகல் நோய்க்கு இச்சிகிச்சை உதவுவதை வெளியிட்டார். இந்நோயின் கிருமிகளுக்கு ஆக்சிஜன் ஆகாது.

அழுத்த அறைக்குச் செலவு மிகுதி. செவிப்பறையும் நுரையீரலும் பாதிக்கப்படலாம்; பால் பெர்ட் கண்ட வலிப்பும் எப்போதாவது வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமனி அடைபட்ட காலுக்கு இரத்தமே சரியாகப் போகாதபோது, இரத்தத்தில் எவ்வளவு கரைத்து என்ன பயன்? இந்தக் கேள்விதான் பார்வையைப் புண்ணின் மேற்பரப்புக்குத் திருப்பியது.

ஒரு பெயர் செய்த கேடு

1969-இல் 'லான்செட்' இதழில் பி. எச். ஃபிஷர் என்ற அமெரிக்க மருத்துவர், படுக்கைப் புண்களுக்கும் தோற்புண்களுக்கும் வெளியிலிருந்தே ஆக்சிஜன் செலுத்திய அனுபவத்தை எழுதினார். புண்ணுள்ள பகுதியை மட்டும் காற்றுப் புகாத உறைக்குள் அடைத்து, வளிமண்டலத்தைவிட 22 மி.மீ. மட்டுமே கூடுதலான அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்புவது அவர் முறை. நெடுநாள் ஆறாத புண்கள் பல ஆறின என்றார். இதற்கு அவர் சூட்டிய பெயர் "மேற்பரப்பு உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை". அடுத்த பல ஆண்டுகளின் குழப்பத்துக்கு இந்தப் பெயரே விதை என்பது என் கருத்து.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் 160 மி.மீ.; தூய ஆக்சிஜனில் 760. இது ஏறக்குறைய 4.75 மடங்கு. வர்க்கமூலம் 2.2 மடங்கு. ஆக, காற்று 0.4 மி.மீ. ஆழம் வரை ஊட்டுமானால் தூய ஆக்சிஜன் 0.9 மி.மீ. அளவுக்கு ஊட்டும். கவனிக்கத்தக்க ஆதாயம்தான். இனி 22 மி.மீ. அழுத்தத்தைச் சேர்ப்போம். 760 என்பது 782 ஆகிறது; நூற்றுக்கு 3 பங்கு உயர்வு. ஆழம் கூடுவதோ நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! பலன் ஏதேனும் இருந்தால் அது காற்றை விலக்கி ஆக்சிஜனை வைத்ததால் வந்ததே தவிர, "உயரழுத்தத்தால்" வந்ததன்று.

அழுத்தத்தை இன்னும் ஏற்றலாமே என்பீர்கள். முடியாது. அழுத்த அறையில் உடல் முழுவதும் ஒரே அழுத்தத்தில் இருக்கிறது. பாஸ்கல் விதிப்படி இரத்தக் குழாய்களுக்கு உள்ளும் புறமும் அது சமம். காலை மட்டும் பெட்டியில் வைத்து அழுத்தினால் காலுக்கும் மற்ற உடலுக்கும் அழுத்த வேறுபாடு உண்டாகி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப்போல் அது குழாய்களை நெரிக்கும். தோலின் தந்துகிகளுக்குள் இருக்கும் அழுத்தமே 30 மி.மீ. அளவில்தான். எனவே அழுத்த அறையும் இந்தப் பெட்டியும் பெயரில் உறவினர்கள், பௌதிகத்தில் அந்நியர்கள். ஒன்றின் வெற்றி மற்றொன்றுக்குச் சான்றாகாது. ஒன்றின் தோல்வியும் அப்படியே.

ஆனால் நடந்தது வேறு. விற்பவர்கள் அழுத்த அறையின் புகழை இரவல் வாங்கினார்கள். அழுத்த அறை வல்லுநர்களோ இதைப் போலி என்று தள்ளினார்கள். 1984-இல் கலிபோர்னிய மருத்துவர்கள் சிலர் சாதாரணப் பாலிதீன் பையையே உறையாக்கிச் செலவைக் குறைத்தனர். முறை மலிவானதும் பரவியது. சான்று மட்டும் அதனோடு சேர்ந்து வளரவில்லை.

1988-இல் வந்தது முதல் பலத்த அடி. சர்க்கரை நோயால் பாதப்புண் கொண்ட 28 பேரை, யார் எந்தப் பிரிவில் என்பதைக் குலுக்கல்போல் தற்செயலாகத் தீர்மானித்து, இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆக்சிஜன் பெட்டி. மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு வாரம் புண்ணின் பரப்பும் ஆழமும் அளக்கப்பட்டன. இரு பிரிவிலும் புண்கள் சுருங்கின; ஆக்சிஜனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

"இரு பிரிவிலும் சுருங்கின" என்பதை மீண்டும் படியுங்கள். ஒழுங்காகக் கழுவி, அழுகிய திசுவை நீக்கி, பாதத்தின்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டாலே பல புண்கள் ஆறத் தொடங்கும். ஒப்பிட இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால் அந்தப் பெருமையும் பெட்டிக்கே போயிருக்கும். பாரம் நீக்கும் கலையில் நம் வேலூருக்குப் பெரும்பங்கு உண்டு. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்களுக்குக் கிருமியைவிட, உணர்ச்சியற்ற பாதத்தில் ஓயாமல் விழும் அழுத்தமே காரணம் என்று கண்டார். காலோடு ஒட்டிப் பொருந்தும் பிளாஸ்டர் கட்டுப் போட்டு அவற்றை ஆற்றினார். 1960-களில் அவர் அமெரிக்கா சென்றபோது அந்தக் கட்டும் அவரோடு சென்று, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது.

மறுபடியும் மேற்பரப்பு

2002-இல் ஜெர்மனியின் போகும் நகர ஆய்வாளர்கள் ஜெர்லாக்கின் பழைய கேள்விக்கு விடை அளந்தார்கள். நம் தோலின் மேற்புறம் 0.25 முதல் 0.40 மி.மீ. ஆழம் வரை ஏறக்குறைய முழுவதுமாக வெளிக்காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது! முன்பு எண்ணியதைப்போல் இது சுமார் 10 மடங்கு ஆழம். அப்படியானால் வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே போகவே போகாது என்ற வாதம் நிற்காது.

2005-ஆம் ஆண்டு விசித்திரமானது. கடலடி மற்றும் அழுத்த மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கம், மேற்பரப்பு முறையை "உயரழுத்த" சிகிச்சை என்று அழைக்கவே கூடாது, சான்று கிடைக்கும்வரை ஆராய்ச்சிக்கு வெளியே பயன்படுத்தவும் கூடாது என்று அறிவித்தது. அதே ஆண்டில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சந்தன் சென் குழுவினர், பன்றிகளின் காயத்தில் 2 மி.மீ. ஆழத்தில் ஆய்வுமுனையை வைத்து, மேலே தூய ஆக்சிஜனைப் படவிட்டனர். 5 முதல் 7 வரை இருந்த அளவு நான்கே நிமிடத்தில் 40-ஐத் தாண்டியது. இது நடக்கக்கூடியதா என்று நான் விரவல் கணக்கில் போட்டுப் பார்த்தேன். செல்களின் நுகர்வைச் சேர்க்காவிட்டால், 4 நிமிடத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு வந்து சேர்வது மேற்பரப்பு அளவில் நூற்றுக்கு 4 பங்கு. 760-இல் 4 பங்கு என்றால் 30 மி.மீ. அளவீடு நம்பத்தக்க எல்லைக்குள்தான் இருக்கிறது. தோலின் மேலுள்ள காய்ந்த செதில் படலம் காயத்தில் இல்லை என்பதும் இதற்கு உதவியிருக்கும். காயம் உலர்ந்து பொருக்குத் தட்டினால் ஆறுவது தாமதப்படும் என்று ஜார்ஜ் வின்டர் 1962-இலேயே பன்றிகளில் காட்டியிருந்தார். சிலிண்டரிலிருந்து வரும் வாயுவோ ஈரமற்றது. பிற்காலக் கருவிகளில் ஆக்சிஜனை ஈரமாக்கிச் செலுத்தியதற்கு இதுவே காரணம்.

கருவிகள் இருவகையாயின. ஒன்று, நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் காலை வைத்திருக்கும் உறை. மற்றொன்று, பையில் போட்டுக்கொள்ளத்தக்க மின்கலக் கருவி. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மணிக்குச் சில மில்லிலிட்டர் அளவில் மெல்லிய குழாய் வழியே கட்டுக்குள் இரவும் பகலும் கசியவிடுவது.

நல்லூழாக, ஆக்சிஜனுக்கு நிறமோ மணமோ இல்லை. வெறும் காற்றை ஊதும் போலிக் கருவியைக் கொடுத்தால் நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஃபிஷர் காலத்தில் செய்யாத இந்த மறைப்புச் சோதனைகள் பின்னர் நடந்தன. இடைவிடாது கசியவிடும் கருவிகளில் ஒன்றைச் சோதித்து 2017-இல் வெளியான முடிவில் பலன் தெரியவில்லை. அதேவகைக் கருவி வேறொன்றை 146 பேரிடம் சோதித்து 2018-இல் வெளியான முடிவில், முழுமையாக ஆறியவர்கள் போலிப் பிரிவைப்போல் இருமடங்கு. உறைவகைக் கருவியின் சோதனை 2020-இல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரம் அனைவருக்கும் நல்ல சாதாரணச் சிகிச்சை அளித்து, அதிலேயே தேறியவர்களை விலக்கிவிட்டு, எஞ்சிய 73 பேரைப் பிரித்தனர். 12 வாரத்தில் ஆக்சிஜன் பிரிவில் 41.7 சதவீதத்தினருக்கும், போலிப் பிரிவில் 13.5 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. ஓராண்டு முடிவில் இது 56-க்கு 27. செலவை ஏற்றது கருவியைத் தயாரித்த நிறுவனம் என்பதையும், ஆட்கள் 73 பேர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் 1988-இன் 28 பேரையும் இரண்டு வாரத்தையும்விட இது வலுவான சான்று.

நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுச் செயற்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி இதற்கேற்ற அளவான சொற்களில் அமைந்திருக்கிறது. வழக்கமான சிகிச்சை மட்டும் போதாமல் போன பாதப்புண்ணுக்கு, வசதி இருக்குமிடத்தில், அந்தச் சிகிச்சையோடு சேர்த்து மேற்பரப்பு ஆக்சிஜனையும் பரிசீலிக்கலாம் என்கிறது அது. சான்றின் உறுதி குறைவு என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. "சேர்த்து" என்ற சொல்லுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் காரணம். எலும்பு வரை போன சீழையும், முழங்காலுக்கு மேல் அடைபட்ட தமனியையும், செருப்புக்குள் ஓரிடத்தையே நாள் முழுதும் நசுக்கும் பாரத்தையும் மேலிருந்து விரவும் ஆக்சிஜன் எட்டாது. அவற்றைப் பார்த்து முடித்தபிறகும் சிவந்து, சுத்தமாக, ஆனால் ஆறாமல் கிடக்கும் மேற்பரப்பு இருக்கிறதே, அதுதான் இச்சிகிச்சையின் எல்லை.